மௌனத்திற்கு ஓர் ஆயத்தம்

நம் கல்லூரி மலருக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரை தருவது என் வழக்கம். வரலாற்றுத் துறையைச் சார்ந்தவள் ஆதலின், கல்வெட்டுகளைப் பற்றியோ, ஏரிப் பாசனத்தைப் பற்றியோ, பழைய வணிகக் குழுக்களைப் பற்றியோ எழுதி வந்தேன். இவ்வாண்டு மலர்க் குழு மாணவியர் வந்து, "அம்மா, விடுமுறையில் இமயமலைப் பக்கம் போய்ப் பேசாமலே இருந்தீர்களாமே, அதைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டனர். 14 நாள் பேசாமலிருந்ததைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆனால் அதற்காக ஆயத்தம் செய்த நான்கு மாதங்களைப் பற்றி எழுத நிறைய உண்டு. மாணவர்களுக்குப் பயன்படக் கூடியதும் அதுவே என்று எண்ணி இக்கட்டுரையை வரைகிறேன்.

ஒடுக்கம்

தனித்திருந்து, பேச்சைத் துறந்து, மனத்தைப் பழக்கும் வழக்கம் எல்லாச் சமயங்களிலும் உண்டு. நம் சைவ மடங்களில் தலைவர் தனித்து அமரும் அறைக்கு 'ஒடுக்கம்' என்று பெயர். அழகான சொல். ஆமை தன் உறுப்புகளை உள்ளிழுப்பதைப் போலப் புலன்களை உள்ளடக்கும் இடம் என்பது அதன் கருத்து. பௌத்த மடங்களில் மேற்கொள்ளும் தனி மௌனப் பயிற்சியையும் இக்கட்டுரையில் ஒடுக்கம் என்றே குறிக்கிறேன்.

கூட்டாகச் செய்யும் மௌனப் பயிற்சி இன்று நம்மவர்க்குப் பழக்கமானதே. பர்மாவிலிருந்து 1969இல் இந்தியா வந்த கோயங்கா அவர்கள் பரப்பிய 10 நாள் விபாசனைப் பயிற்சியை நம் கல்லூரி ஆசிரியர் சிலரும் முடித்துள்ளனர். நானும் ஒருமுறை முடித்தேன். அங்கே மணி அடிப்பார்கள், எழுவோம்; மணி அடிப்பார்கள், அமர்வோம். தனி ஒடுக்கத்தில் மணி அடிப்பவர் எவருமில்லை. அட்டவணையும் நமது, அதை மீறும் ஆசையும் நமது. ஆகவே கூட்டுப் பயிற்சி ஒன்றையேனும் முடிக்காதவர்கள் தனி ஒடுக்கத்தை மேற்கொள்ளலாகாது என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

மௌனத்தைப் புத்தர் புகழ்ந்தாரா?

ஆயத்தத்தின் முதல் படியாக, வரலாற்று ஆசிரியைக்கு இயல்பான முறையில், நூல்களைப் புரட்டினேன். அங்கே எதிர்பாராத செய்தி ஒன்று காத்திருந்தது.

விநயபிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பிக்குகள் சிலர் மழைக்கால மூன்று மாதங்களை ஓரிடத்தில் சேர்ந்து கழிக்கின்றனர். தம்முள் சச்சரவு எழாதிருக்க ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்கின்றனர். முதலில் திரும்புபவர் இருக்கை விரிப்பார். கடைசியில் வருபவர் இடத்தைக் கூட்டுவார். குடம் தூக்கத் துணை வேண்டுமானால் கையால் சைகை காட்டுவார். மழைக்காலம் முடிந்ததும் சாவத்தியில் புத்தரைக் கண்டு, இவ்வாறு இனிதே கழித்தோம் என்கின்றனர். புத்தர் பாராட்டவில்லை. ஆடுமாடுகள் சேர்ந்து வாழ்வதைப் போல வாழ்ந்தீர்கள் என்று கடிந்துகொண்டு, ஊமை நோன்பையே தடை செய்துவிடுகிறார். அதற்கு மாற்றாக 'பவாரணா' என்னும் முறையை ஏற்படுத்துகிறார். மழைக்கால இறுதியில் ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் அமர்ந்து, 'என்னிடம் கண்ட குறை, கேட்ட குறை, ஐயுற்ற குறை எதுவாயினும் எடுத்துச் சொல்லுங்கள்' என்று மற்றவரை வேண்டிக்கொள்வதே பவாரணா.

மச்சிம நிகாயத்தில் இதற்கு இணையான மற்றொரு காட்சி உண்டு. அனுருத்தரும் நண்பர் இருவரும் ஒரு வனத்தில் தங்கியிருக்கின்றனர். அங்கும் அதே ஏற்பாடு, அதே சைகை, அதே மௌனம். ஆனால் இவர்களைப் புத்தர் மனமாரப் பாராட்டுகிறார். என்ன வேறுபாடு? அவர்கள் ஐந்து நாளுக்கொரு முறை இரவு முழுதும் அமர்ந்து அறவுரை பேசினர். கண்ணுக்கு நேரேயும் மறைவிலும் ஒருவர்மீதொருவர் அன்பு பாராட்டினர். முன்னவர் சச்சரவுக்கு அஞ்சி வாய் மூடினர். பின்னவர் பேச வேண்டியதைப் பேசித் தீர்த்துவிட்டு அமைதியாயிருந்தனர்.

இப்பகுதியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஏன் பிக்குணியர் மடம்?

காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவத்தில் நின்ற மணிமேகலையை அறிந்த நமக்குப் பௌத்தப் பெண் துறவியர் புதியவர் அல்லர். எனினும் பெண்ணொருத்தி தனித்திருப்பது எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. பிக்குணி தனியே ஊருக்குள் செல்வதும், தனியே ஆற்றைக் கடப்பதும், இரவில் தனித்துத் தங்குவதும் விநயத்தில் பெருங்குற்றங்களுள் வைக்கப்பட்டுள்ளன. பெண்களுக்கு நேர்ந்த துன்பங்களை முன்னிட்டு எழுந்த விதிகள் இவை. பெண்ணுக்குத் தனிமை வேண்டும், அத்தனிமைக்கு ஒரு வேலியும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே தருவது பிக்குணியர் மடம். அறைக்குள் நாம் தனியே இருப்போம். சுவருக்கு அப்பால் நூறு பெண்கள் சமைப்பதும் ஓதுவதுமாக இருப்பார்கள்.

நான் தேர்ந்தது இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு திபெத்திய மடம். 1959இல் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்த பின்னர், அகதிகளாக வந்த பெண் துறவியருக்காக அப்பகுதியில் பல மடங்கள் எழுந்தன. இங்கிலாந்தில் பிறந்த டென்ஸின் பால்மோ என்னும் அம்மையார் 1964இல் துறவு பூண்டவர். திபெத்திய மரபில் பெண்களுக்குப் புகுநிலைத் துறவே இருந்தமையால், முழுத் துறவு பெற 1973இல் ஹாங்காங் சென்றார். 1976 முதல் 1988 வரை லாஹுல் மலையில் 13,000 அடிக்கும் மேலே ஒரு குகையில் தவமிருந்தார். பனி மூடும் முன்னரே உணவும் விறகும் சேர்த்துவைத்து, கோடையில் குகை முன்னே உருளைக்கிழங்கும் டர்னிப்பும் பயிரிட்டு வாழ்ந்தவர். தவத்திற்கும் ஆயத்தம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 2000ஆம் ஆண்டில் அவரே காங்க்ரா பள்ளத்தாக்கில் டொங்யு கட்சல் லிங் என்னும் பெண் துறவியர் மடத்தை நிறுவினார்.

இம்மடங்களில் பெண்கள் தருக்கமும் தத்துவமும் கற்கின்றனர். நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்த உயர் பட்டம் 'கெஷேமா' என்ற பெயரில் 2016இல் முதன்முதலாக 20 பெண் துறவியருக்கு வழங்கப்பட்டது. அவ்விழா நடந்தது நம் பக்கத்து மாநிலமாகிய கர்நாடகத்தின் முண்ட்கோட்டில்.

மடத்திலிருந்து வந்த படிவம்

சனவரி மாதம் மடத்திற்கு எழுதினேன். பதிலோடு ஒரு படிவம் வந்தது. முன்பு எங்கே பயின்றீர்கள், என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா, அண்மையில் நெருங்கியவர் எவரையேனும் இழந்தீர்களா என்று பல வினாக்கள். இவை வெறும் சம்பிரதாயம் அல்ல. நீண்ட மௌனத்தில் அடங்கிக் கிடந்த துயரங்கள் மேலெழும். உள்ளம் நலிந்திருப்பவர்க்கு அது தீங்காகவும் முடியலாம். மருந்து உண்பவர் மருத்துவரைக் கேட்டே செல்ல வேண்டும். பயிற்சிக்காக மருந்தை நிறுத்துதல் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். கடைசி வினாவில் பேனா நின்றது: 'அவசர நேரத்தில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? அவர் உங்களுக்கு என்ன உறவு?'

நான் மணம் செய்துகொள்ளவில்லை. தந்தையார் முன்பே மறைந்தார். தாயார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆயின. உறவென்று சொல்ல ஒரே தம்பி. அவனோடு நான் பேசி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. படிவத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். சக ஆசிரியை ஒருவர் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்துத் தடைகள்

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரத்தில் இருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம் தியானப் பயிற்சிக்குத் தலையாய நூல். தாம் காஞ்சியில் தங்கியிருந்ததை அவரே தம் உரைநூல் ஒன்றின் இறுதியில் குறிப்பிடுகிறார் என்பதால் நமக்கு அவர் அயலாரும் அல்லர். தியானத்திற்கு அமரும் முன் அறுக்க வேண்டிய 'பலிபோதங்கள்', அதாவது தடைகள், பத்து என்கிறார். உறைவிடம், ஆதரிக்கும் குடும்பம், ஊதியம், மாணாக்கர் கூட்டம், பணி, பயணம், உறவினர், நோய், நூல், இருத்தி என்னும் சித்தி ஆகியவை அவை.

இப்பத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன்.

உறைவிடம்: மின் கட்டணம், தண்ணீர் மோட்டார், துளசிச் செடி. சாவியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைக்க ஏற்பாடு. குடும்பம்: நாள்தோறும் மாலையில் என்னோடு காபி அருந்தும் அதே பக்கத்து வீட்டார், 'எங்கே போகிறேன், எப்போது வருவேன்' என்று முறையாகச் சொல்லியாயிற்று. ஊதியம்: கோடையில் விடைத்தாள் திருத்தும் பணி, இவ்வாண்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மாணாக்கர்: பாடம் சிறிதே எஞ்சியிருந்தால் முடித்துவிட வேண்டும், பெரிதாயிருந்தால் வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது புத்தகோசர் வாக்கு. ஆய்வு மாணவி ஒருத்தியின் இரண்டு இயல்களையும் திருத்திக் கொடுத்தேன். பணி: துறை நூலகக் கணக்கெடுப்பை ஏப்ரலுக்குள் முடித்தேன்.

பயணம்: போக வேண்டிய இடம் ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருந்தால், போய் முடித்துவிட்டு வந்து அமர் என்கிறார். பழைய மாணவி ஒருத்தியின் திருமணத்திற்கு வருவதாக வாக்களித்திருந்தேன். மதுரை சென்று வாழ்த்திவிட்டு வந்தேன். நோய்: மருந்துண்டு தீர்க்க வேண்டியது. இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டேன். இரத்த அழுத்த மாத்திரைகள் 20 நாளுக்கு வாங்கினேன். நூல்: ஒரு புத்தகமும் எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு. எனக்கு இதுவே கடினமாயிருந்தது. பத்தாவதாகிய இருத்தி வானில் பறத்தல் முதலிய ஆற்றல்கள்; அத்தடை எனக்கில்லை என்று நீங்களே அறிவீர்கள்.

இவ்வாறு ஒன்பது அடிபட்டன. ஏழாவது மட்டும் அப்படியே நின்றது.

உடலைப் பழக்குதல்

இதற்கிடையே உடற்பயிற்சியும் நடந்தது. நாற்காலியில் அமர்ந்தே முப்பது ஆண்டு கழித்த முழங்கால்கள் தரையில் மடங்க மறுத்தன. ஜமுக்காளத்தை நான்காக மடித்து இடுப்பின் கீழ் வைத்து, முழங்கால்கள் தாழ்ந்து தரையைத் தொடுமாறு அமர்ந்தால் முதுகு தானே நிமிரும். சனவரியில் 15 நிமிடம். மாதந்தோறும் கூட்டி ஏப்ரல் இறுதியில் 45 நிமிடம். வலி பொறுக்க முடியாதபோது எழுந்து, கூடத்தில் மெதுவாக நடந்து, அடி வைப்பதையே கவனித்தேன்.

பயிற்சி முறை ஆனாபானசதி, அதாவது மூச்சின்மீது விழிப்பு. தொடக்கத்தில் மூச்சை எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணுக என்கிறார் புத்தகோசர். ஐந்துக்குள் நிறுத்தினால் சிறிய பட்டியில் அடைத்த மாடுகளைப் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் உண்மை என்பதைச் சோதித்தே அறிந்தேன்.

ஞாயிறு முற்பகல்களில் பேசாதிருந்து பழகினேன். பால்காரருக்கும் கீரைக்காரம்மாவுக்கும் முதல் நாளே சொல்லி வைத்தேன். கைப்பேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வாய் மூடியிருந்ததே தவிர உள்ளே பேச்சு ஓயவில்லை. கவனித்துப் பார்த்தேன். மனத்துக்குள் நான் பேசிக்கொண்டிருந்தது முழுவதும் என் தம்பியோடுதான்! அவனைக் குற்றம் சாட்டினேன். அவன் சொல்லக் கூடிய மறுமொழியையும் நானே சொன்னேன். அதற்குப் பதிலும் கொடுத்தேன். நான்கு ஆண்டுகளாக ஒருநாளும் அவனோடு பேசாமல் இருந்ததில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஏழாம் தடை

தாயாரின் கருமாதி நாளில், ஊர் வீட்டை விற்பது பற்றிப் பேச்செழுந்தது. படுக்கையில் கிடந்த அம்மாவை இரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டவள் நான். அவன் வெளியூரில் இருந்தான். மாதம் ஒருமுறை வந்து போவான். உறவினர் அத்தனை பேர் முன்னிலையில், "அம்மாவைப் பார்க்க வராதவன் பங்கு கேட்க மட்டும் வந்துவிட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அவன்தான் பேச்சை நிறுத்தினான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அம்மாவின் மருத்துவச் செலவில் பாதிக்கு மேல் அவன் அனுப்பிய பணம் என்பதை எவரிடமும் சொன்னதில்லை.

உறவினர் என்னும் தடையைப் பற்றிப் புத்தகோசர் சொல்வதை மீண்டும் எடுத்துப் படித்தேன். ஆசிரியரோ, மாணவரோ, தாய் தந்தையரோ, உடன்பிறந்தாரோ நோயுற்றிருந்தால், மருந்தும் பணிவிடையும் செய்து குணப்படுத்தியே அத்தடையை அறுக்க வேண்டும் என்கிறார். 'அறுத்தல்' என்றால் விட்டு ஓடுதல் என்றே நான் எண்ணியிருந்தேன். பத்துத் தடைகளையும் மறுபடி பார்த்தேன். பெரும்பாலானவற்றை வெறுமனே விட்டு ஓடச் சொல்லவில்லை. பாடமானால் முடி, பணியானால் ஒப்படை, பயணமானால் போய் வா, நோயானால் தீர். மௌனத்திற்குள் தப்பி ஓட வழி எங்குமே இல்லை. மழைக்காலம் முழுதும் வாய் மூடியிருந்த அந்தப் பிக்குகளின் வரிசையில்தான் நானும் அமர்ந்திருந்தேன்.

ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில், மௌன நேரம் முடிந்ததும் பீரோவைத் திறந்து கைப்பேசியை எடுத்து அழைத்தேன். கை நடுங்கிற்று.

"யாரு... அக்காவா?"

"நான்தான் தம்பி."

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, அன்று கருமாதியில் நான் சொன்னது பொய் என்றும், நீ அனுப்பிய பணத்தை நான் மறைத்தேன் என்றும், அதை அந்த உறவினர்களிடமே சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது. படிவத்தைப் பற்றிச் சொல்லி, "உன் பேரை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எத்தனை நாள் பேசாம இருக்கப் போறே?"

"பதினாலு நாள்."

"நாலு வருஷம் இருந்து பார்த்தாச்சு. பதினாலு நாள் என்ன பெரிசுக்கா? எழுதிக்க."

வீட்டு விவகாரம் இன்னும் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவனுக்கு விற்க வேண்டும், எனக்கு மனமில்லை. ஆனால் இப்போது அதைப் பற்றிப் பேசுகிறோம்.

எல்லை

மே மாதம் பதான்கோட் வரை ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலுமாக மடம் போய்ச் சேர்ந்தேன். தௌலாதார் மலைமுடியில் பனி எஞ்சியிருந்தது. சிறிய அறை; கட்டில், மெத்தை விரித்த இருக்கை, சன்னல். பொறுப்பான துறவி அம்மையார் விளக்கினார். திபெத்திய மொழியில் ஒடுக்கத்திற்குரிய சொல் 'ட்ஸம்'. அதற்கு எல்லை என்பதே பொருளாம். எதுவரை நடப்பது, யார் வரலாம், யாரைப் பார்க்கலாம் என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும். இடையில் மாற்றக் கூடாது. நாளொன்றுக்கு நான்கு அமர்வுகள்: விடியுமுன், முற்பகல், பிற்பகல், இரவு. சோறும் பருப்பும், சில நாள் ஆவியில் வெந்த திபெத்திய ரொட்டியும் வாசலில் வைப்பார்கள்.

கைப்பேசியை அவரிடம் கொடுக்கும் முன் தம்பிக்கு ஒருமுறை பேசினேன். "மாத்திரை எடுத்துட்டுப் போனியா?" என்று கேட்டான். பிறகு கதவைச் சாத்தினேன்.

அந்த 14 நாளில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. முழங்கால் வலித்தது, மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. பிற்பகல்களில் முற்றத்திலிருந்து பெரும் ஓசை வரும். இளம் துறவியர் கையைத் தட்டித் தட்டி, உரத்த குரலில் தருக்கம் புரிவார்கள். மௌனம் காக்க வந்தவளுக்கு அது இடையூறாகத் தோன்றவில்லை. பேச வேண்டிய இடத்தில் அவர்கள் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் உள்ளத்தில் நான்கு ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கு மட்டும் அங்கே ஒருநாளும் விசாரணைக்கு வரவில்லை.

மாணவச் செல்வங்களே! இதற்காக நீங்கள் இமயமலைக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் விடுதியிலேயே அடுத்தடுத்த கட்டிலில் உறங்கிக்கொண்டு மாதக் கணக்கில் ஒருவரோடொருவர் பேசாதிருப்போர் சிலரை நான் அறிவேன். அவர்களும் மௌனம் காப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துத் தடைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எது அடிபடாமல் நிற்கிறது என்று காணுங்கள். மௌனத்தை அதன் பிறகு தொடங்கலாம் என்று கூறி அமைகிறேன்.